என் பத்துப் படங்கள்: கேட்டவர்களுக்குப் பதில்

வியாசர்பாடியில் நாங்கள் நடத்தும் சிறு படிப்பகத்தின் கரும்பலகையில், 2010 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ்ப் படங்களில் எனக்குப் பிடித்த பத்தினைச் சென்ற மாதம் எழுதி வைத்தேன். மேற்குத் தொடர்ச்சி மலை, மெட்ராஸ், காக்கா முட்டை, பரியேறும் பெருமாள், ஆரண்ய காண்டம், விசாரணை, வட சென்னை, அங்காடித் தெரு, அருவி, சூது கவ்வும் என்பதே அந்த வரிசை. எழுதிய மறுநாளே வாய்ச்சண்டை தொடங்கிவிட்டதால், கேள்விகளைத் தாளில் எழுதிப் பெட்டியில் போடும்படி நூலகர் கேட்டுக்கொண்டார். வந்த தாள்களில் திட்டு மட்டும் இருந்தவற்றை விலக்கிவிட்டு மற்றவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் திறனாய்வாளன் அல்லன். வடசென்னைத் திரையரங்குகளில் 27 ஆண்டுகள் ஆபரேட்டராக இருந்தவன். ஒரே படத்தை நாளைக்கு நான்கு முறை, கேபின் சுவரில் இருக்கும் சிறிய கண்ணாடித் துளை வழியே பார்ப்பது என் பிழைப்பாக இருந்தது.

கேள்வி (கல்லூரி மாணவர், மூலக்கொத்தளம்): ஐயா, பத்தாண்டு என்றால் 2011 முதல் 2020 வரை என்றுதானே கணக்கு? அப்படியே வைத்தாலும் சார்பட்டா பரம்பரை ஏன் இல்லை?

பதில்: நூற்றாண்டுக் கணக்கை வைத்துப் பார்த்தால் தம்பி சொல்வது சரி. ஆனால் பேச்சு வழக்கில் தொண்ணூறுகள் என்றால் 1990-ஐயும் சேர்த்துத்தான் சொல்கிறோம் என்பதால் நானும் அவ்வாறே கொண்டேன். சார்பட்டா 2021-இல் ஓடிடி தளத்தில் வெளியான படம். எந்தக் கணக்கிலும் இதற்குள் வராது. உங்கள் கணக்கை ஏற்றால் 2010-இல் வந்த அங்காடித் தெருவை நான் இழக்க நேரிடும். ரங்கநாதன் தெருவில் துணி எடுக்கப் போகும் நாமெல்லாம், கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் எங்கே உண்கிறார், எங்கே உறங்குகிறார் என்று வசந்தபாலன் காட்டிய பிறகுதான் யோசித்தோம். அதனால் அதனை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கேள்வி (ஆட்டோ ஓட்டுநர், கொருக்குப்பேட்டை): வியாசர்பாடியில் உட்கார்ந்துகொண்டு தேனிப் பக்கத்துப் படத்தை முதலில் வைத்திருக்கிறீர்களே அண்ணே, நம் ஊர்ப் படம் உங்களுக்கு இளப்பமாகிவிட்டதா?

பதில்: இந்தக் கேள்வியைப் பன்னிரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள், உங்கள் கையெழுத்து தெளிவாக இருந்ததால் உங்களுடையதை எடுத்துக்கொண்டேன். எனக்குப் பிடித்த படத்தை நான் எப்படி அறிகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். படம் முடிந்த பின், அது நடந்த ஊரில் என்னை இறக்கிவிட்டால் யாரையும் விசாரிக்காமல் எனக்கு வழி தெரிய வேண்டும். பெரும்பாலான படங்களில் நாயகன் வீடு எங்கே, நாயகி வீடு எங்கே, இரண்டுக்கும் நடுவில் எத்தனை தெரு என்பது இயக்குநருக்கே தெரிந்திருக்காது.

லெனின் பாரதி இயக்கி 2018 ஆகஸ்டில் வெளிவந்த மேற்குத் தொடர்ச்சி மலையில், ரங்கசாமி என்னும் கூலித் தொழிலாளி விடிவதற்கு முன் மலையேறத் தொடங்குகிறான். வழியில் யார் வீட்டில் தேநீர் கிடைக்கும், எந்தப் பாறையில் சுமையை இறக்கி வைப்பார்கள் என்பதெல்லாம் அவனோடு நடந்தபடியே நமக்கும் தெரிந்துவிடுகிறது. நிலம் வாங்குவதற்காகச் சேர்த்துச் சுமந்து வரும் ஏலக்காய் மூட்டை நழுவி, சரிவில் உருண்டு சிதறும் காட்சி ஒன்று உண்டு. நான் வேலை பார்த்த அரங்கில் அந்தப் படம் ஒரு வாரம், ஒரே ஒரு காட்சியாக ஓடியது. கூடத்தில் முப்பது பேர்கூட இருந்ததில்லை. அந்த மூட்டை உருளும்போது முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், பிடித்து நிறுத்துபவரைப்போல எழுந்து கையை நீட்டியதைத் துளை வழியே பார்த்தேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவராகவோ தானிய மண்டியில் கூலிக்கு நின்றவராகவோ இருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் ரங்கசாமி, தன்னுடையதாக இருந்த நிலத்திலேயே காற்றாலைக்குக் காவலாளியாக உட்கார்ந்திருக்கிறான். இருந்த இடத்தைவிட்டுக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களை அறிந்த நமக்கு, அது வேறு ஊர்க் கதை என்று எப்படிப் படும்?

கேள்வி (அரசுப் பள்ளி ஆசிரியை, வியாசர்பாடி): மெட்ராஸ் நம் பகுதியை உள்ளபடி காட்டியதாக எண்ணுகிறீர்களா? அதிலும் வெட்டும் குத்தும்தானே?

பதில்: வெட்டும் குத்தும் இருக்கிறது அம்மா, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தில் அவை நடப்பதற்கு முன்பே நாம் அந்தக் குடியிருப்பில் குடிபுகுந்துவிடுகிறோம். பா. இரஞ்சித் 2014-இல் எடுத்த அந்தப் படத்தின் நாயகன் காளி, கணினி நிறுவனத்தில் வேலை பார்ப்பவன். ஹவுசிங் போர்டு வீட்டிலிருந்து கழுத்தில் அடையாள அட்டையோடு இறங்கிப் போகும் பிள்ளைகள் நம் தெருவில் எத்தனையோ பேர் இருக்க, அதுவரை நம் திரையில் அவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. குழாயடி, மாடிப்படியில் நடக்கும் வழக்கு, மாலையில் மைதானத்துக் கால்பந்து எல்லாமே கதைக்குத் தேவையான அளவுக்குத்தான் வருகின்றன. சுற்றுலாக்காரருக்குக் காட்டுவதுபோல இல்லை.

இன்னொன்று, பேச்சு. சென்னைத் தமிழ் என்றாலே சிரிப்புக்கு உரியது என்ற வழக்கத்தைச் சந்திரபாபு, சோ, லூஸ் மோகன் காலத்திலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். அவர்களை ரசித்தவன்தான், ஆனால் அந்தத் தமிழில் ஒருவன் காதலையும் துக்கத்தையும் பேசக் கேட்கும் வாய்ப்பு மிக அரிதாகவே இருந்தது. காளியின் நண்பன் அன்பு கொலையுண்ட பிறகு அவன் மனைவி மேரியாக ரித்விகா அழுது பேசும் இடத்தில் அதே தமிழ்தான் வருகிறது. எங்கள் கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. கட்சிக்காரர்கள் உரிமை கொண்டாடி மோதிக்கொள்ளும் சுவரில் வரைந்திருக்கும் மிரட்டும் முகத்தைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு குறை உண்டு: இரண்டு முறை காட்டியிருந்தால் போதும், இருபது முறை காட்டிவிட்டார்கள்.

கேள்வி (பந்தல் தொழிலாளி, புளியந்தோப்பு): படத்துக்குள் கானா வந்தது நமக்கு லாபமா, நட்டமா?

பதில்: கானா சினிமாவுக்குப் புதிதாக வந்ததல்ல, தொண்ணூறுகளில் தேவா இசையிலேயே அது ஊரெங்கும் ஒலித்தது. 2012-இல் அட்டகத்தி வந்தபோது, உங்கள் புளியந்தோப்பைச் சேர்ந்த, சட்டம் படித்த கானா பாலாவை, ‘ஆடி போனா ஆவணி’, ‘நடுக்கடலுல கப்பல’ ஆகிய பாடல்களைச் சந்தோஷ் நாராயணன் பாடவைத்தார். அதுவே அவருக்கு இசையமைப்பாளராக முதல் படம். மெட்ராசில் இறந்தவனுக்காகக் கானா பாடப்பட்டபோது, மரண வீட்டில் விடிய விடியப் பாடும் அதன் பழைய இடத்துக்கே அது திரும்பியது. லாப நட்டக் கணக்கை, சாவுக்குப் பாடப் போகும் தம்பிகளிடம் இப்போது என்ன கூலி கிடைக்கிறது என்று கேட்டு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (வழக்கறிஞர், ராயபுரம்): மூன்று தேசிய விருதுகள் பெற்று, ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்ட விசாரணையை ஆறாவது இடத்தில் வைத்தது அநியாயம் இல்லையா?

பதில்: சிறந்த படங்களின் பட்டியலாக இருந்தால் அநியாயம்தான். வெற்றிமாறனின் படங்களிலேயே அதுதான் இறுக்கமாகக் கட்டப்பட்டது என்பது என் கருத்து, மு. சந்திரகுமார் தாம் பட்டதை எழுதிய ‘லாக்கப்’ அதற்கு அடித்தளம். ஆனால் பிடித்த படம் என்று எழுதும்போது, மறுபடியும் பார்க்க மனம் நாடுமா என்பதும் சேர்ந்துவிடுகிறது. கேபினுக்குள் ஒலி சரியாக இருக்கிறதா என்று கேட்பதற்காக ஒரு சிறிய ஸ்பீக்கர் இருக்கும். குண்டூர்க் காவல் நிலையத்தில் அடி விழும் பகுதி வந்தால், முதல் நாள் இரண்டாம் காட்சியிலிருந்தே அதன் ஒலியைக் குறைத்துவிட்டு நான் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். ஒலியைக் கவனிக்கவில்லை என்று மேலாளரிடம் வசவு வாங்கியதும் அந்த வாரம்தான். அந்தப் படத்தின் வலிமைக்கு இதைவிடப் பெரிய சான்று என்னிடம் இல்லை, ஆறாவது இடத்துக்கும் இதுவே காரணம்.

கேள்வி (பெயர் எழுதாத ரசிகர், பெரம்பூர்): தல, தளபதி, தலைவர் படம் ஒன்றுகூட இல்லை. கூடத்தைக் கிழித்த படங்களை ஓட்டித்தானே சம்பளம் வாங்கினீர்கள்?

பதில்: உண்மை. 2019 பொங்கலுக்குப் பேட்ட, விஸ்வாசம் இரண்டும் ஒரே நாளில் வந்தபோது இரவெல்லாம் உறங்காமல் வேலை செய்தேன். பதினோராவது இடம் என்று ஒன்று இருந்திருந்தால் மங்காத்தாவுக்குக் கொடுத்திருப்பேன். தன் ஐம்பதாவது படத்தில் நரைத்த தலையோடு, கடைசி வரை திருந்தாத ஒருவனாக நடிக்க ஒரு பெரிய நடிகர் ஒப்புக்கொண்டது சாதாரணம் இல்லை.

கேள்வி (மீன் ஏலம் எடுப்பவர், காசிமேடு): வட சென்னை வந்தபோது எங்கள் பக்கம் எவ்வளவு கோபம் இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். அதைப் பட்டியலில் சேர்க்கலாமா?

பதில்: தெரியும் அம்மா. படகில் எடுக்கப்பட்ட முதலிரவுக் காட்சிக்கு மீனவர்களிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது; இயக்குநர் வருத்தம் தெரிவித்து அந்தக் காட்சியை நீக்கவும் செய்தார். படகைத் தெய்வமாகக் கும்பிட்டு இறக்குபவர்களின் கோபத்தில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆயினும் அந்தப் படத்தில் ஆண்ட்ரியா நடித்த சந்திராவை நான் மறக்க இயலாது. கணவன் ராஜனைக் கொன்றவர்களுள் ஒருவனையே மணந்துகொண்டு, ஆண்டுக்கணக்காகப் பொறுத்திருந்து, எதிரிகளைத் தங்களுக்குள்ளேயே மோதவிடுபவள் அவள். கத்தியை எடுத்த ஆண்கள் அனைவரும், தெரியாமலே அவள் நகர்த்திய காய்கள்தாம். சாலைக்காகக் கடற்கரைக் குடியிருப்பை எடுத்துக்கொள்ளும் பேச்சும் அதில் வருகிறது. அதைச் சிறு விவரமாகக் கடந்துபோக உங்களால் முடியாது என்று நம்புகிறேன். ஏழாம் இடத்தைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் பேசுகிறேன்.

கேள்வி (ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், திருவொற்றியூர்): பிலிம் சுருள் போனதால் படங்கள் கெட்டுவிட்டன என்று என் நண்பர் சொல்கிறார். நீங்கள் இரண்டையும் ஓட்டியவர். உங்கள் கருத்து என்ன?

பதில்: எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் உங்கள் நண்பரின் முடிவோடு உடன்பாடு இல்லை. ஆயிரம் அடிச் சுருள் ஒன்று ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். இரண்டரை மணி நேரப் படத்துக்குப் பதினான்கு சுருள் வேண்டும். வலது மேல் மூலையில் புள்ளி தோன்றியதும் அடுத்த புரொஜெக்டருக்கு மாற்ற வேண்டும். மாற்றத் தவறினால் கூடம் முழுவதும் விசில் பறக்கும். இந்தப் பத்தாண்டின் நடுவில் அதெல்லாம் போய், படம் ஹார்ட் டிஸ்கில் வந்தது. அதைத் திறக்கும் ‘கீ’ உரிய நேரத்தில் வராவிட்டால், எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் ஆபரேட்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைத் தவிர வழி இல்லை.

என் வேலையின் மதிப்பு குறைந்தது. ஆனால் பிலிம் செலவு இல்லாமல் போனதால்தான் பல புதியவர்கள் கேமராவைத் தொட்டார்கள். தொலைக்காட்சிக் குறும்படப் போட்டியிலிருந்து கார்த்திக் சுப்பராஜும் நலன் குமாரசாமியும் வந்ததை நாம் பார்த்தோம். தியாகராஜன் குமாரராஜாவின் ஆரண்ய காண்டம் 2011-இல் வெளிவந்தபோது எங்கள் பகுதியில் நின்று ஓடவில்லை. தணிக்கையில் 52 வெட்டுகள் கேட்கப்பட்டு மேல்முறையீடு வரை போய் வந்த படம் அது. பிறகு அதை வட்டிலிலும் கணினியிலும் பார்த்த இளைஞர்கள்தாம் அதற்கு இன்றுள்ள பெயரை வாங்கிக் கொடுத்தார்கள்.

கேள்வி (தாய் ஒருவர், எண்ணூர்): பத்து வயதுப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்க எது?

பதில்: காக்கா முட்டை. பீட்சா வாங்குவதற்காக, தண்டவாளத்தில் நிலக்கரி பொறுக்கி விற்று 299 ரூபாய் சேர்க்கும் இரண்டு சிறுவர்களின் கதை. பாட்டி தோசைக்கல்லில் பீட்சா சுட்டுத் தரும் காட்சிக்குப் பிறகு உங்கள் பிள்ளை அதையே கேட்கும். மாவு அரைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கேரம் பயிற்சியாளர், தண்டையார்பேட்டை): வழி தெரிய வேண்டும் என்பதுதான் உங்கள் அளவுகோல் என்று படிப்பகத்தில் பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். அப்படியானால் வட சென்னையில் வரும் சிறைக்குள் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு நடக்கத் தெரியும். அதற்கு ஏழாம் இடமா?

பதில்: இந்தத் தாளைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். பிறகு என் மகன் வீட்டில் படத்தை மீண்டும் போட்டுப் பார்த்தேன். சென்ட்ரல் நிலையத்துக்கு அருகில் இருந்த பழைய மத்தியச் சிறை 2009-இல் இடிக்கப்பட்டுவிட்டதால், அதை நினைவிலிருந்தும் கலை இயக்குநர் ஜாக்கியின் அரங்கிலிருந்தும்தான் எழுப்ப முடிந்திருக்கும். எந்தக் கொட்டடி யாருடைய ஆட்களுக்கு, பொருள் எந்த வழியாக உள்ளே வருகிறது, கேரம் பலகையை எங்கே போடுவார்கள் என்பதெல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் நமக்கு மனப்பாடம் ஆகிவிடுகிறது. அதனால்தான் கேரம் போட்டி நடக்கும் பந்தலில், இந்தப் படத்தின் நாயகனான அன்பு தாதா செந்திலை நெருங்கும்போது, எந்தப் பக்கமிருந்து யார் ஓடி வருவார்கள் என்று நாமே கணக்குப் போடுகிறோம். சிறைக்கு வெளியே வந்த பிறகுதான் படம் எனக்குத் தடம் மாறுகிறது. ஆட்கள் பெருகப் பெருக, தெருக்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. அந்தக் குறையை நான் முழுப் படத்தின் மீதும் ஏற்றிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வட சென்னையை நான்காம் இடத்துக்குக் கொண்டுவருகிறேன். பரியேறும் பெருமாள், ஆரண்ய காண்டம், விசாரணை மூன்றும் ஒவ்வொரு படி இறங்குகின்றன. பரியேறும் பெருமாளைச் சீண்டியதற்கு நாளையே நான்கு தாள் வரும் என்பது தெரிந்துதான் செய்கிறேன். கரும்பலகையில் பழைய வரிசையை இன்று காலை அழித்துவிட்டேன். சாக்பீஸ் தீர்ந்துபோனதால் புதிய வரிசை ஞாயிற்றுக்கிழமைதான் ஏறும்.