கிளெமென்டின் கொள்ளுப்பேத்தி

அன்புள்ள அம்மா,

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் வாழ்ந்த பாஸ்டன் குடும்பத்தின் கடிதங்களைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள். அதன் பிறகு அக்கடிதங்களைத் தேடி வாங்கி, ஆறு மாதங்களாகப் படித்து வருகிறேன். வம்சாவளியை ஒரு பெரிய தாளில் வரைந்து, எந்த நிலம் யாரிடமிருந்து வந்தது என்ற பட்டியலையும் பக்கத்தில் எழுதியிருக்கிறேன், நகல் இணைத்துள்ளேன். எனக்கு மூன்று ஐயங்கள். நார்மானியர் படையெடுப்புக் காலத்தில் பிரான்சிலிருந்து வந்த வுல்ஸ்டன் என்பவரே தங்கள் மூதாதை என்று 1466-இல் இக்குடும்பத்தார் நான்காம் எட்வர்டு மன்னரிடம் ஆவணம் காட்டினார்கள். வுல்ஸ்டனுக்கும் உழவர் கிளெமென்டுக்கும் இடைப்பட்ட தலைமுறைகளை நிரப்பச் சான்று உண்டா? அண்ணன், தம்பி இருவருக்கும் ஜான் என்று பெயர் இருப்பது அச்சுப்பிழையா? சான்று இல்லையென்றால் இது வெறும் ஏமாற்றுக் குடும்பம்தானே? ஏர் பிடித்தவரின் கொள்ளுப்பேரன் பிரபு வேடம் கட்டியதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன்.

தங்கள் வாசகன்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நானும் இந்தக் குடும்பத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இளமையில் ஒருமுறை பாஸ்டன் கிராமத்துக்குப் போயிருக்கிறேன். வடகடலை ஒட்டிய சிறிய ஊர் அது. அந்தக் குடும்பம் 1581-இல் கட்டிய, நாணல் கூரை வேய்ந்த நீண்ட தானியக் களஞ்சியம் இன்றும் அங்கே நிற்கிறது. கடற்காற்று அடித்துக்கொண்டிருந்த அந்தப் பிற்பகலில், களஞ்சியத்துக்கு அப்பால் உழுது போட்டிருந்த ஒரு வயலைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். அவர்களுடைய கடிதங்களை அதற்கு முன்பே படித்திருந்தும், கிளெமென்ட் என்ற மனிதர் எனக்கு உண்மையானவராகத் தோன்றியது அன்றுதான்.

முதலில் சிறிய ஐயங்களை முடித்துவிடுகிறேன். இரண்டு ஜான்களும் பிழையல்ல. 1442-இல் பிறந்த மூத்தவருக்கும் 1444-இல் பிறந்த இளையவருக்கும் பெற்றோர் ஒரே பெயரைத்தான் வைத்தார்கள். வுல்ஸ்டனுக்கும் கிளெமென்டுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தை நிரப்ப முடியாது. மன்னரிடம் காட்டிய அந்த வம்சாவளி சோடிக்கப்பட்டது என்றே வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிடுங்கள்.

உங்கள் சிரிப்பை மட்டும் என்னால் அப்படி விட்டுவிட முடியவில்லை. அந்தப் பொய்யை ஏன் சொன்னார்கள் என்று ஒரு கணமாவது யோசித்தீர்களா? கிளெமென்டைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, அக்குடும்பத்தின் எதிரி ஒருவர் இழிவுபடுத்துவதற்காக எழுதிய குறிப்பிலிருந்து கிடைத்தது. கோடையிலும் குளிரிலும் அவர் ஒரே ஏரை ஓட்டினார். சேணமில்லாத குதிரையின்மேல் தானிய மூட்டையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து ஆலைக்குப் போய், அரைத்த மாவோடு திரும்பினார். அதிகம் போனால் 120 ஏக்கர் நிலம், அதிலும் பெரும்பகுதி கிம்மிங்ஹாம் பண்ணைக்குக் கட்டுப்பட்ட அடிமை நிலம். மனைவி பீட்ரிஸ் பண்ணையடிமைக் குலத்தவர். மகன் வில்லியமைப் படிக்கவைக்கக் கடன் வாங்கினார் என்று அந்தக் குறிப்பு வசைபோல அடுக்கிக்கொண்டே போகிறது. எழுதியவர் வசையாக நினைத்த ஒவ்வொரு வரியும் எனக்குப் புகழுரையாகவே கேட்கிறது. கடன் வாங்கிப் படிக்கவைத்த அந்த மகன் 1429-இல் நீதிபதியானார். 1419-இல் கண்மூடிய தகப்பனுக்கு அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

அந்தக் குறிப்பில் இருந்த நஞ்சு வசையோடு நிற்கவில்லை. பண்ணையடிமைக்குச் சொந்தமான நிலமும் பொருளும் சட்டப்படி அவனுடைய ஆண்டைக்கே உரியவை என்பதால், ஒரு குடும்பம் அடிமை வழியில் வந்தது என்று நிலைநாட்டிவிட்டால், அது மூன்று தலைமுறையாகக் கிரயம் கொடுத்து வாங்கிய நிலம் அத்தனையையும் ஒரே தீர்ப்பில் பறித்துவிடலாம். பாஸ்டன்களின் எதிரிகள் குறிவைத்தது இதைத்தான். ஆகவே 1466-இல் மன்னரிடம் காட்டிய வம்சாவளியை நீங்கள் பகட்டு என்று படிப்பது தவறு; அது நிலத்துக்குப் போட்ட வேலி. அந்த ஆண்டு மே மாதம், நீதிபதி வில்லியமின் மகனும் அந்த இரண்டு ஜான்களுக்கும் தகப்பனுமான குடும்பத் தலைவர் ஜான் இறந்திருந்தார். வழக்குகளின் நடுவே மூன்று முறை லண்டனின் ஃப்ளீட் சிறைக்குப் போய் வந்தவர் அவர். அப்படிப்பட்ட வீட்டின் பிள்ளைகள் அச்சத்தில் சொன்ன பொய்யைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் நிலப் பட்டியல் உழைப்போடு செய்தது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அதில் கிரயமும் உயிலும் மட்டுமே இருக்கின்றன, சுவாதீனம் எங்கும் இல்லை. பத்திரம் ஒருவர் கையிலும் நிலம் இன்னொருவர் கையிலும் இருந்த காலம் அது. நீதிபதி வில்லியமுக்கு அது நன்றாகத் தெரியும். பாஸ்டனில் குடியிருக்கிறவனுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும் என்று அவர் பலமுறை சொன்னதை, சட்டம் படிக்கச் சொல்லி மகனுக்கு எழுதும்போது அவர் மனைவி ஆக்னஸ் நினைவுபடுத்துகிறார். வில்லியம் ஊர்ப்பாதையை வளைத்துச் சுவர் எழுப்ப அனுமதி வாங்கியிருந்தார். அவர் இறந்ததும் ஊரார் அந்தச் சுவரை இடித்தார்கள். ஊரார் பக்கமும் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன்.

கிரெஷாமைப் பாருங்கள். கவிஞர் சாசரின் மகன் தாமஸ் சாசரிடமிருந்து வில்லியம் கிரயம் பெற்ற நிலம் என்று எழுதி, நீங்கள் அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். 1448-இல் மோலின்ஸ் பிரபு அந்த நிலத்தின்மீது உரிமை கொண்டாடி அதைக் கைப்பற்றினார். வில்லியமின் மகன் ஜானுடைய மனைவி மார்கரெட் கிரெஷாமில் வந்து தங்கி, கணவருக்கு எழுதிய கடிதத்தில் குறுக்குவில்லும் அம்பும் கைக்கோடரியும் அனுப்பச் சொல்கிறார். வீடு தாழ்வானதால் உள்ளே நின்று நெடுவில்லை வளைக்க முடியாது என்று காரணமும் சொல்கிறார். அதே கடிதத்தில் ஒரு பவுண்டு பாதாமும் ஒரு பவுண்டு சர்க்கரையும் பிள்ளைகளின் உடுப்புக்குத் துணியும் கேட்கிறார். 1450 ஜனவரியில் மோலின்ஸின் ஆட்கள் ஆயிரம் பேர் வந்து, மார்கரெட் இருந்த அறையின் சுவரைத் தோண்டிச் சாய்த்து, அவரைத் தூக்கி வெளியே விட்டார்கள் என்று ஜானின் மனு சொல்கிறது. கிரெஷாம் பிறகு திரும்பிவந்தது. இத்தனைக்கும் உங்கள் தாளில் மார்கரெட்டுக்குக் கிடைத்தது மணத்தைக் குறிக்கும் ஒரு சமன்குறியும் ஒரு பெயரும் மட்டுமே. மாட்பி குடும்பத்தின் வாரிசாக வந்து தன் நிலங்களையும் இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர். அவருடைய உறவினர் என்ற வழியில்தான் பெரும் செல்வரான சர் ஜான் ஃபாஸ்டால்ஃப் இக்குடும்பத்தோடு நெருங்கினார்; 1459-இல் அவர் இறந்தபோது அவருடைய உயில் வழியே கெய்ஸ்டர் கோட்டை மார்கரெட்டின் கணவர் ஜானிடம் வந்தது. அந்த உயிலின் வில்லங்கத்தை நீங்களே விரிவாக எழுதியிருப்பதால் நான் தொடவில்லை.

என் மனத்தை விட்டு அகலாதது 1469-ஆம் ஆண்டு. அந்த ஆகஸ்டில் நார்ஃபோக் கோமகன் பெரும்படையோடு வந்து கெய்ஸ்டரை முற்றுகையிட்டார். உள்ளே இளைய ஜானும் சுமார் முப்பது பேரும் இருந்தார்கள். அதே நாட்களில் நார்விச் நகரில், மார்கரெட்டின் மகள் மார்ஜரி பிஷப்பின் முன்னால் நிறுத்தப்பட்டாள். பண்ணைக் காரியஸ்தரான ரிச்சர்டு கால் என்பவரை அவள் ரகசியமாக மணந்திருந்தாள். வரவுசெலவு எழுதி, குத்தகை வசூலித்து, அக்குடும்பத்தின் நிலங்களை ஆண்டுக்கணக்கில் கட்டிக்காத்தவர் அந்த ரிச்சர்டு. அவருடைய குடும்பத்தார் ஃப்ராம்லிங்ஹாமில் மளிகை வியாபாரம் செய்தவர்கள். என் தங்கையை அங்கே மெழுகுவத்தியும் கடுகும் விற்க விடமாட்டேன் என்று இளைய ஜான் எழுதினார். பிஷப் கேட்டபோது, தான் சொன்ன சொற்கள் திருமணத்தை உறுதியாக்கப் போதவில்லையென்றால் அங்கேயே அதை இன்னும் உறுதியாக்குவதாக அந்தப் பெண் சொன்னாள். தாய் தன் வீட்டுக் கதவை அடைக்கச் சொல்லிவிட்டார். நாம் இழந்தது உதவாக்கரை ஒருத்தியை மட்டுமே என்று மூத்த மகனுக்குக் கடிதமும் எழுதினார். செப்டம்பர் முடிவதற்குள் கெய்ஸ்டரும் கைவிட்டுப் போயிற்று.

ஏமாற்றுக் குடும்பம் என்று அவர்களைத் திட்ட நினைத்தால், திட்ட வேண்டிய இடம் இதுதான், தம்பி. நிலத்தைக் காக்கச் சொன்ன பொய்யை நான் மன்னித்துவிட்டேன். மூன்றே ஆண்டுகளில் அந்தப் பொய்யைத் தாங்களே நம்பத் தொடங்கியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. மாவு மூட்டைமேல் உட்கார்ந்து வீடு திரும்பிய கிளெமென்டின் கொள்ளுப்பேத்தி, கடுகு விற்பவர் வீட்டுக்குப் போனால் அதில் இழிவு எங்கிருந்து வருகிறது? கிளெமென்ட் உயிரோடு இருந்திருந்தால் ரிச்சர்டைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்குக் கேட்டிருப்பார். அவர்கள் ரிச்சர்டின் உழைப்பையும் விடவில்லை; மருமகனாக ஏற்காதவரைக் காரியஸ்தராக மீண்டும் வைத்துக்கொண்டார்கள். இந்தப் பகுதியைப் படித்த ஒவ்வொரு முறையும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன்.

உங்கள் தாளில் மார்ஜரி இல்லவே இல்லை. தேடிப் பார்த்தேன். ஆண்வழியை மட்டும் வரைந்ததால் விட்டுப்போயிற்று என்பீர்கள். அந்த ஆண்வழி 1679-இல் யார்மத் பிரபுப் பட்டம் வரை உயர்ந்து, 1732-இல் கடனிலும் வாரிசின்மையிலும் அற்றுப்போயிற்று. மார்ஜரியை அழித்த தாள் அந்தத் தாயின் கணக்கைவிடவும் கடுமையானது. ஆம், மார்கரெட்டும் ஓர் இடத்தில் இளகினார். கெய்ஸ்டர் 1476-இல் திரும்பிவந்த பிறகு, 1482-இல் எழுதிய உயிலில், கணவர் கிடக்கும் பிராம்ஹோம் மடத்தைக் கேட்காமல், மாட்பி கோயிலில் தன் முன்னோர்களின் நடுவே தன்னைப் புதைக்கச் சொன்னார். கல்லறைக் கல்லின் மூலைகளில் செதுக்க வேண்டிய குலச்சின்னங்களையும் ஒவ்வொன்றாகக் குறித்தார். அதே உயிலில் ஜான் கால் என்பவனுக்கு 20 பவுண்டு எழுதிவைத்தார். அவன் மார்ஜரியின் மூத்த மகன்.

வுல்ஸ்டனுக்காக மேலே விட்டிருக்கும் இடம் அப்படியே இருக்கட்டும். தாளின் கீழ்ப்பக்கத்தில், மார்கரெட்டுக்கு நேர் கீழே மார்ஜரி, ரிச்சர்டு என்று எழுதி, அவர்களுக்குக் கீழே அந்தப் பையனின் பெயரையும் சேர்த்து, எனக்கு இன்னொரு நகல் அனுப்புங்கள்.

அன்புடன்