42 பேர் இருக்கும் வகுப்பில் பெஞ்சை எப்படிப் போடுவது?

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் 7-ம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வகுப்பில் 42 பேர், அறை 20-க்கு 20 அடி. 'ப' வடிவில் உட்கார வைத்தால் கடைசி பெஞ்சே இருக்காது என்கிறார்கள். பயிற்சிக்குப் போனால் குழுவாக உட்கார வையுங்கள் என்கிறார்கள். வரிசையாக இருந்தால்தான் சத்தம் வராது என்கிறார் எங்கள் தலைமை ஆசிரியர். எதில் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள்? செயல்பாடு வைத்தால் போர்ஷனும் முடிவதில்லை. என்ன செய்வது?

பதில்: மூன்று தரப்பும் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆளுக்கொரு வேலையை மனதில் வைத்துக்கொண்டு சொல்கிறார்கள், அவ்வளவுதான். இன்றைய பாடவேளையில் பிள்ளை என்ன செய்யப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பெஞ்ச் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது அப்புறம் தானாகத் தெரிந்துவிடும்.

தனியாக எழுதுவது, கணக்குப் போடுவது என்றால் வரிசைதான். இருக்கை அமைப்பைப் பற்றி நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் இதையே சொல்கிறார்கள். அதிலும், சட்டென்று கவனம் சிதறுகிற பிள்ளைகளுக்கு வரிசை ரொம்பவே உதவுகிறது. நான்கு பேரை முகத்துக்கு முகம் உட்கார வைத்துவிட்டு "பேசாமல் எழுதுங்க" என்று சொல்வது பிள்ளைகளுக்குச் செய்யும் நியாயமில்லை.

கேள்வி கேட்டு, கலந்து பேசிப் படிக்க வேண்டிய பாடம் என்றால் வளைவான அமைப்பு நல்லது. ஜெர்மனியில் 4-ம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்து 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், வரிசையில் இருந்தபோது கேட்டதைவிட அரைவட்டமாக உட்கார்ந்தபோது பிள்ளைகள் கூடுதலாகக் கேள்வி கேட்டார்கள். நம் பள்ளிக்கல்வித் துறை 2025 ஜூலையில் 'ப' வடிவத்தைப் பரிந்துரைத்ததற்குப் பின்னாலும் இந்த எண்ணம்தான் இருந்தது. நல்ல எண்ணம். ஆனால் உங்கள் அறைக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு ஒன்றரை அடி என்றால் 42 பேருக்கு 63 அடி பெஞ்ச் வேண்டும். மூன்று சுவரையும் சேர்த்தாலே 60 அடிதான். வாசல், மூலை, பீரோ எல்லாம் போக 45 தேறினால் பெரிது. ஆக, 'ப'வுக்குள் இன்னொரு 'ப' போட வேண்டிவரும். வெளி 'ப'வின் அடிப்பக்கம் மறுபடியும் கடைசி பெஞ்ச் ஆகிவிடும். பக்கவாட்டில் இருப்பவர்களோ நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பியே கரும்பலகையைப் பார்க்க வேண்டும். அந்தப் பரிந்துரை வந்ததுமே பலர் எழுப்பிய கவலை இதுதான். 20, 25 பேர் இருக்கிற வகுப்புக்கு 'ப' அருமையாக இருக்கும். 42 பேருக்கு வேண்டாம் என்பது என் கருத்து. (6 முதல் 8 வரை 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்பதுதான் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. 42 என்பது உங்கள் குறையில்லை.)

பெஞ்சை நகர்த்தாமலே ஒரு வழி இருக்கிறது. பெஞ்சுக்கு மூன்று பேர் என்றால் உங்களிடம் 14 பெஞ்ச். வரிசை அப்படியே இருக்கட்டும். "திரும்புங்க" என்றதும் முதல் பெஞ்சில் இருப்பவர்கள் காலைத் தூக்கிப் போட்டு இரண்டாம் பெஞ்சைப் பார்த்து உட்கார வேண்டும். மூன்றாம் பெஞ்ச் நான்காம் பெஞ்சைப் பார்த்து. ஆறு பேர் கொண்ட ஏழு குழுக்கள் வந்துவிடும். முதல் நாள் ஐந்து நிமிடம் ஆகும், இரண்டு பேர் தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிடுவார்கள். நாலு நாள் பழக்கினால் அரை நிமிடத்தில் திரும்புவார்கள். எழுத வேண்டிய நேரத்தில் பழையபடி முன்னால் பார்த்து உட்காரட்டும். திங்கள்கிழமைதோறும் ஒவ்வொரு வரிசையும் ஒரு பெஞ்ச் பின்னால் நகர்ந்து, கடைசி வரிசை முன்னால் வரட்டும். கண் பார்வைக் குறை உள்ள பிள்ளைகளை மட்டும் இந்தச் சுழற்சியில் சேர்க்காமல் முன்னாலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இருக்கை விஷயம் இவ்வளவுதான். படிப்பைத் தீர்மானிப்பதில் இதைவிடப் பெரிய பங்கு வேறொன்றுக்கு இருக்கிறது: அந்த 40 நிமிடத்தில் எத்தனை பிள்ளைகள் தாங்களாக யோசித்தார்கள் என்பது.

உங்கள் பாடத்திலிருந்தே அடர்த்தியை எடுத்துக்கொள்வோம். இரண்டு டம்ளர், ஒரு முட்டை, உப்பு போதும். நல்ல தண்ணீரில் முட்டை மூழ்கும், உப்புத் தண்ணீரில் மிதக்கும். வழக்கமாக என்ன செய்கிறோம்? மேசையில் செய்து காட்டுகிறோம், பிள்ளைகள் "ஐ..." என்கிறார்கள், விளக்கம் சொல்கிறோம், குறிப்பெழுதி முடிக்கிறோம். ஹார்வர்டில் இயற்பியல் வகுப்புகளில் இதைச் சோதித்து 2004-ல் ஆய்வாக வெளியிட்டார்கள். செய்முறையை வெறுமனே பார்த்த மாணவர்களுக்கும் பார்க்கவே பார்க்காத மாணவர்களுக்கும் புரிதலில் பெரிய வித்தியாசம் இல்லை. 'என்ன நடக்கும்' என்று முன்கூட்டியே ஊகித்துவிட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் நன்றாகப் புரிந்திருந்தது.

அதனால் முட்டையை உடனே போடாதீர்கள். கையில் பிடித்துக்கொண்டு கேளுங்கள்: "நல்ல தண்ணீரில் மூழ்கிடுச்சு. அதே முட்டையை உப்புத் தண்ணீரில் போட்டால்? மூழ்கினால் ஒரு விரல், நடுவில் நின்றால் இரண்டு, மிதந்தால் மூன்று. முதலில் நோட்டில் காரணத்தோடு எழுதுங்க." ஒரு நிமிடம் வரிசையிலேயே உட்கார்ந்து, அமைதியாக எழுதட்டும். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் நெஞ்சுக்கு நேராக விரலைக் காட்டட்டும்; பக்கத்தில் பார்த்து மாற்றிக்கொள்ள முடியாது. 42 பேரின் பதிலையும் ஒரே பார்வையில் பார்த்துவிடுவீர்கள். அப்புறம் "திரும்புங்க". வேறு விரல் காட்டியவரோடு இரண்டு நிமிடம் வாதம். "உப்புப் போட்டால் தண்ணி கனமாயிடும்ல" என்று ஒரு குரல் எங்காவது எழும். அந்தப் பிள்ளை கடைசி பெஞ்சில் இருந்தாலும் நீங்கள் பக்கத்தில் போய் நின்று கேளுங்கள். மறுபடி விரல். அதற்குப் பிறகு முட்டையைப் போடுங்கள். மொத்தம் எட்டு, ஒன்பது நிமிடம்.

வீட்டில் ஒருமுறை செய்து பார்த்துவிட்டுப் போங்கள். டம்ளருக்கு மூன்று பெரிய ஸ்பூன் பொடி உப்பாவது வேண்டும்; கல்லுப்பு கரைய நேரமாகும். முட்டை புதிதாக இருக்கட்டும். பழைய முட்டை நல்ல தண்ணீரிலேயே மிதந்து காலை வாரிவிடும்.

இதைச் செய்து முடித்ததும் நீங்களே தெளிவாக நடத்துங்கள். நிறையைப் பருமனால் வகுத்தால் அடர்த்தி என்பதைக் குழுவில் உட்கார்ந்து யாரும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. கரும்பலகையில் ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுங்கள், இரண்டாவதைப் பாதி போட்டு அவர்களை முடிக்கச் சொல்லுங்கள், மூன்றாவது அவர்கள் பாடு. புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு நேரடியாகச் சொல்லிக் கொடுப்பது பழைய முறை என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். எல்லாவற்றையும் செயல்பாடாக மாற்றப்போய்த்தான் போர்ஷன் நிற்கிறது. பாடத்துக்கு ஒன்று போதும், பிள்ளைகள் வழக்கமாகத் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடத்தில் வையுங்கள்.

மிச்சமாகும் நேரத்தில் ஐந்து நிமிடத்தை ஒவ்வொரு பாடவேளையின் தொடக்கத்திலும் ஒதுக்குங்கள். புத்தகம் மூடியிருக்க, நேற்றைய பாடத்தில் இரண்டு கேள்வி, போன வாரத்தில் ஒன்று. நினைவிலிருந்து எழுத வேண்டும், மார்க் வேண்டாம். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கே என்ற இருவர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இது: படித்ததையே திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, மூடி வைத்துவிட்டு நினைவுபடுத்தி எழுதிப் பழகியவர்கள்தான் முந்தினார்கள். பருவத் தேர்வுக்கு முன்னால் ரிவிஷனுக்கு என்று போகிற நாட்களில் பல இதனாலேயே மிச்சப்படும்.

கேள்வி கேட்டதும் காத்திருங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்பவர் 1970-களில் கண்டறிந்தார். அது மூன்று நொடியானதும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மனதுக்குள் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுங்கள். மூன்று நொடி என்பது வகுப்பில் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத் தெரியும்!

உங்கள் அறையில் முன்பு தொடக்க வகுப்பு நடந்திருந்தால் சுவரின் கீழ்ப்பாதியில் கரும்பட்டை தீட்டியிருக்கும். 2007-08-ல் செயல்வழிக் கற்றல் மாநிலமெங்கும் வந்தபோது பிள்ளைகள் உட்கார்ந்தபடியே எழுத வைத்த பலகை அது. பல பள்ளிகளில் அதன்மேல் சார்ட் ஒட்டி மறைத்துவிட்டார்கள். சார்ட்டை எடுத்துவிட்டு, சுவரோரம் இருக்கும் குழுக்களை அதில் எழுத விடுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். முதல் சில வாரம் பிள்ளைகளே "மிஸ், நீங்களே சொல்லிடுங்க, அப்பதான் புரியுது" என்பார்கள். 2019-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஹார்வர்டிலேயே இப்படித்தான் நடந்தது: தாங்களே யோசித்துப் படித்த மாணவர்கள் குறைவாகக் கற்றதாகச் சொன்னார்கள், தேர்வு வைத்தால் அவர்கள்தான் கூடுதல் மதிப்பெண் எடுத்திருந்தார்கள். யோசிப்பது கஷ்டமாக இருக்கிறது, கஷ்டம் புரியாததுபோலத் தோன்றுகிறது. அவர்கள் எழுதிய முதல் வாரத் தாளையும் ஐந்தாம் வாரத் தாளையும் அவர்கள் கையிலேயே கொடுங்கள். தலைமை ஆசிரியரிடமும் அதையே காட்டுங்கள். சத்தம் அந்த இரண்டு நிமிடம் மட்டும்தான் இருக்கும் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முடிந்தால் முட்டை போடும் நாளன்று அவரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அவரும் விரல் காட்டட்டும்.