புள்ளிக் கோலத்தில் ஒரு புரதம்

கேள்வி: 20 அமினோ அமிலங்கள் கோத்த புரதச் சங்கிலி, புள்ளிக்கு ஓர் அமிலமாகச் சதுரக் கட்டத்தில் எப்படி மடியும் என்று காண, மினிசிங் என்ற கணினி மொழியில் கட்டுப்பாட்டு நிரல் (விதிகளை மட்டும் சொன்னால் விடையைக் கணினியே தேடும் நிரல்) எழுதினேன். நீரை விலக்கும் அமிலங்கள் 1, 3, 6, 7, 9, 12, 14, 15, 18, 20-ஆம் இடங்களில். இவை பக்கத்துப் புள்ளிகளில் அமர்ந்து ஒன்றையொன்று தொடுவது கூடக் கூட நல்லது. இரவு முழுக்க ஓடியும் முடியவில்லை. நடுவில் நிறுத்தினால், சங்கிலி ஓரிடத்தில் அறுந்து கட்டத்தின் மறு ஓரத்தில் தொடர்கிறது!
– மாணவி, தண்டையார்பேட்டை

பதில்: அறுவதற்குக் காரணம் கட்டத்தின் அகலம். புள்ளிக்கு ஓர் எண் கொடுத்து, ‘பக்கத்துப் புள்ளி என்றால் வித்தியாசம் 1 அல்லது அகலம்’ என்று எழுதியிருப்பீர்கள். 10 அகலக் கட்டத்தை 0-இலிருந்து எண்ணினால், 9 முதல் வரிசையின் கடைசி, 10 அடுத்த வரிசையின் தொடக்கம். வித்தியாசம் என்னவோ 1தான்! அகலம், உயரம் இரண்டையும் 41 ஆக்கி, முதல் அமிலத்தை நட்டநடுவில் வையுங்கள். 20 அமிலத்துக்குப் புள்ளிவிட்டுப் புள்ளி நகர 19 அடிதானே, ஓரத்துக்குப் போகவே போகாது.

இனி வேகம். புள்ளிக் கோலத்தை எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அதே கோலம்தான். நிரலுக்கு அது தெரியாது, சுழற்றிய மடிப்பையும் புதிதென்றே தேடும். தன்னைத் தானே வெட்டாத 19 அடிப் பாதைகள் 33,51,16,620. முதல் அடி வலப்பக்கம், முதல் திருப்பம் மேல்நோக்கி என்று கட்டிப்போட்டால் 4,18,89,578 ஆகச் சுருங்கும். ‘எல்லா அமிலங்களும் வெவ்வேறு புள்ளிகளில்’ என்பதை 190 தனித்தனி சமமின்மைகளாக எழுதாமல் ஒரே ‘ஆல்டிஃபரென்ட்’ கட்டுப்பாடாகத் தாருங்கள். தேடலும் 1, 2, 3 என்று சங்கிலி வரிசையிலேயே போகட்டும். ஓர் அமிலம் அமர்ந்ததும் அடுத்ததற்கு அதிகம் போனால் மூன்று இடம்தான் மிஞ்சும்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. சதுரக் கட்டத்தில், சங்கிலியின் ஒற்றைப்படை இடத்து அமிலம் இரட்டைப்படை இடத்து அமிலத்தை மட்டுமே தொட முடியும். ஆகவே நீரை விலக்கும் பத்து அமிலங்களின் 45 ஜோடிகளும் வேண்டாம், 25 போதும். சங்கிலியிலேயே ஒட்டியிருக்கும் 6–7, 14–15 ஆகியவற்றைக் கழித்தால் 23. சரியான விடை 9 தொடுகைகள். 11 வந்தால் அந்த இரண்டையும் சேர்த்துவிட்டீர்கள். 18 வந்தால் ஒவ்வொன்றையும் இருமுறை எண்ணியிருக்கிறீர்கள்.

கேள்வி: புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு நிரலான ஆல்ஃபாஃபோல்டு வந்தபின் இதெல்லாம் எதற்கு?
– வாசகர், ராயபுரம்

பதில்: நிஜப் புரதத்துக்கு ஆல்ஃபாஃபோல்டிடமே போங்கள். தெரிந்த வடிவங்களிலிருந்து கற்று ஊகிப்பது அது. ‘இதைவிடச் சிறந்த மடிப்பு இல்லை’ என்று, தன் எளிய கட்டத்துக்குள்ளாவது, நிரூபித்துக் கொடுப்பது கட்டுப்பாட்டு நிரல். சதுரக் கட்டம் பொம்மைதான். பாக்கோஃபன், வில் போன்ற ஆய்வாளர்கள் ஒரு புள்ளிக்கு 12 அண்டைப் புள்ளிகள் உள்ள முப்பரிமாணக் கட்டத்துக்குப் போனார்கள். அசல் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்பதற்கோ, 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி.என். ராமச்சந்திரன் குழு தந்த வரைபடம் இருக்கிறது.