நுரைக்கு ஒரு மெஷின், பல் கறைக்கு ஒரு மெஷினா?

கேள்வி: கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறந்தாலே நுரை பொங்குகிறது. ‘அயான் மொபிலிட்டி மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்’ என்று ஒரு மெஷின் இருக்காம், தண்ணீரில் எது கலந்திருந்தாலும், புரோட்டீன் வரைக்கும் காட்டிவிடும் என்கிறான் கல்லூரியில் படிக்கும் என் மகன். எங்கள் போர் தண்ணீரைக் கொடுத்துப் பார்க்கலாமா? பென்னாகரத்தில் இருக்கும் என் நாத்தனாருக்குப் பல்லெல்லாம் பழுப்புக் கறை, அதற்கான காரணமும் தெரியுமா?
- ஒரு வாசகி, ஓசூர்

பதில்: பையன் சொல்வது முக்கால்வாசி சரி. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்பது மூலக்கூறுக்கு மின்னேற்றம் கொடுத்து எடை பார்க்கிற தராசு. சிக்கல் என்னவென்றால், ஒரே எடையில் இரண்டு பொருள் வந்தால் தராசு முழிக்கும். அதனால் எடை போடுவதற்கு முன்னால் நைட்ரஜன் மாதிரி வாயு நிரம்பிய ஒரு குழாய்க்குள் மின்புலத்தை வைத்து, மின்னேற்றிய மூலக்கூறுகளை (இவைதான் அயனி) ஓடவிடுகிறார்கள், அதுதான் ‘அயான் மொபிலிட்டி’. சந்தைக் கூட்டத்தில் புளியை உருண்டையாகக் கட்டித் தலையில் வைத்திருப்பவர் சட்டென்று நுழைந்து போய்விடுவார், அதே எடைக்கு மூங்கிலைக் குறுக்கே பிடித்து வருபவர் எல்லோர் மேலும் இடித்துக்கொண்டு பின்தங்குவார் இல்லையா, அதேதான், வித்தியாசம் சில மில்லிசெகண்டுதான்.

நுரைக்கு இது பொருத்தமான கருவி. சோப்புத்தூளில் இருக்கும் நுரைப்பொருளில் ஒரு நீளச் சங்கிலியும் ஒரு வளையமும் உண்டு, அந்த வளையம் சங்கிலியில் எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து எடை மாறாமல் உருவம் மட்டும் மாறும்.

புரோட்டீனும் அப்படித்தான். மடிந்து கிடந்தால் சீக்கிரம் வரும், அதே மின்னேற்றத்தோடு பிரிந்து கிடந்தால் தாமதமாக வரும். அவ்வளவு பெரிய மூலக்கூறை உடைக்காமல் பறக்கவிடும் எலக்ட்ரோஸ்பிரே முறைக்காகத்தான் ஜான் ஃபென்னுக்கு 2002-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆனால் அணைத் தண்ணீரை அப்படியே ஊற்ற முடியாது. உப்பை நீக்கி, செறிவாக்கி, புரோட்டீன் பாட்டில் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளாமல் பார்த்து... பாதி வேலை மெஷினுக்கு வெளியேதான்.

சரி, நாத்தனார் பல். ஊரையும் கறையையும் வைத்துப் பார்த்தால் நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் ஃப்ளோரைடாகத்தான் இருக்க வேண்டும், பல் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அதற்கு இந்த மெஷின் வேண்டாம். ஃப்ளோரைடு ஒற்றை அணு அயனி, அதில் பிரித்துப் பார்க்க உருவமே கிடையாது. தண்ணீருக்குள் விடும் ஒரு மின்முனையே போதும், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கேளுங்கள். அவர் வீட்டுப் போரை ஐந்து நிமிடம் ஓடவிட்டுச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடியுங்கள், கண்ணாடி வேண்டாம், ஃப்ளோரைடு அதோடு வினைபுரியும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை.

அவர் கறை சின்ன வயதில் பல் உருவாகும்போதே ஏறியது, இப்போது தண்ணீரை மாற்றினால் போகாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரைப் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். போர் தண்ணீரைக் காய்ச்சினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம், தண்ணீர் சுண்டச் சுண்ட ஃப்ளோரைடு கூடத்தான் செய்யும்.