கேமரா பிடிக்க ஒரு டிகிரியா?

ஒரு தாய், காசிமேடு: மகள் பிளஸ் டூ எழுதியிருக்கிறாள். கேமரா, எடிட்டிங், டிசைன் எல்லாம் சொல்லித்தருகிற விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்)தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். விசைப்படகில் போகிற என் வீட்டுக்காரர், பி.காம். படித்தால் கணக்கு எழுதியாவது பிழைப்பாள், கேமரா பிடிக்க எதற்கு டிகிரி என்கிறார். இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

கிடைக்கும் அம்மா. சினிமாவில் கிடைக்குமா என்று கேட்டிருந்தால் இவ்வளவு சட்டென்று சொல்லியிருக்க மாட்டேன். செய்தி சேனலில் ராத்திரி ஷிப்டு எடிட்டிங், விளம்பர ஏஜென்சியில் டிசைன், யூடியூப் சேனல்களுக்குத் தம்ப்நெயில் என்கிற முகப்புப் படம், செல்போன் ஆப்பில் எந்தப் பட்டன் எங்கே வரவேண்டும் என்று வரைகிற வேலை, அப்புறம் கல்யாண வீடியோ என்று பேர் தெரியாத இடங்களில்தான் நிறையப் பேர் பிழைக்கிறார்கள். கல்யாண வீடியோ என்றதும் முகம் சுளிக்காதீர்கள், முகூர்த்த மாதங்களில் நல்ல எடிட்டரைப் பிடிப்பது லேசில்லை. ஆனால் முதல் ஒன்றிரண்டு வருஷம் சம்பளம் கொஞ்சம்தான், வீடு திரும்ப நேரம் காலமும் கிடையாது.

உங்கள் வீட்டுக்காரர் கேட்பது நியாயமான கேள்வி. கேமரா பிடிக்க டிகிரி வேண்டாம், வேலை தருகிறவரும் மார்க் ஷீட்டுக்கு முன்னால் "என்ன எடுத்திருக்கே, காட்டு" என்றுதான் கேட்பார். கல்லூரியில் கிடைப்பது தப்பு செய்து பார்க்க மூன்று வருஷமும், கூடவே தப்பு செய்கிற ஒரு வகுப்புக் கூட்டமும். நாளைக்கு வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தில்தான் இருப்பார்கள். அதனால் கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காமல் இறுதியாண்டுப் பிள்ளைகளைப் பிடித்து, கேமராவைக் கையில் தருகிறார்களா, பீரோவில் பூட்டி வைக்கிறார்களா என்று கேளுங்கள்.

பணம். விஸ்காம் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில்தான் இருக்கிறது, ஃபீஸ் போக பிராஜெக்ட், பிரிண்ட், இறுதியாண்டுக் குறும்படம் என்று தனியாகக் கறக்கும். ரிசல்ட்டும் அட்மிஷனும் வருகிற நேரம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், உங்கள் படகு கரையில் கிடக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எனவே அரசு வழிகளையும் பார்த்துவிடுங்கள். எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரியில், 1850-ல் ஆரம்பித்தது, விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் நான்கு வருஷப் படிப்பாக உண்டு, சேர வரைந்து காட்டவேண்டும். சினிமாதான் என்றால் தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, எடிட்டிங் எல்லாம் தனித்தனிப் பட்டப்படிப்பு. பீச் ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினால் திருவான்மியூருக்கு அடுத்த ஸ்டேஷன்.

ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு நாள் விடியற்காலை மகளைத் துறைமுகத்துக்கு அனுப்பி, வீட்டில் இருக்கிற போனிலேயே மீன் ஏலத்தை இரண்டு நிமிஷம் எடுத்துவரச் சொல்லுங்கள். கடல் பக்கம் பார்த்து எடுத்திருந்தால் பின்னால் சூரியன் எழும்பி ஏலம் விடுகிற அக்கா முகம் கரிக்கட்டையாக விழுந்திருக்கும், ஐஸ் உடைக்கிற சத்தத்தில் விலையே கேட்காது. "போன் சரியில்லை, புதுசு வாங்கித் தா" என்றால் பி.காம். பற்றி யோசிக்கலாம். மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்துபோய், வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, அக்கா பக்கத்தில் போனை நீட்டி மறுபடி எடுத்துவந்தால் சேர்த்துவிடுங்கள் அம்மா.

ஒரு மாணவர், ராயபுரம்: நான் தமிழ் மீடியம். விஸ்காமில் தாக்குப்பிடிப்பேனா?

பாடப் புத்தகம் இங்கிலீஷில் இருக்கும், முதல் செமஸ்டர் கொஞ்சம் திணறுவீர்கள் தம்பி. ஆனால் தமிழ் சேனலில் ல, ழ, ள தகராறு இல்லாமல் எழுதுகிற ஆளுக்கு எப்போதும் கிராக்கி உண்டு. "வியாசர்பாடியில் வெல்லம் புகுந்தது" என்று டி.வி. திரைக்கு அடியில் ஸ்க்ரோல் ஓடினால் நிறுத்த ஒருத்தர் வேண்டுமே!