வரி விதிப்பதும் திருடுவதும் ஒன்றா?

"என் சம்மதம் கேட்காமல் எடுப்பதால் வரியும் களவுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்பதே என் பதில். ஆனால், அரசு எடுப்பதெல்லாம் நியாயம் என்றும் சொல்லமாட்டேன்.

கொழும்பு புறக்கோட்டையில் வற் (பெறுமதி சேர் வரி) பதிவுள்ள கடையொன்றில் ஆயிரம் ரூபாய்க்கு உடுப்பு எடுத்தால், 18 வீத வரியாக 180 ரூபாய் சேரும். வெளியே பஸ்ஸில் ஒருவன் அதே 180 ரூபாயைப் பையிலிருந்து உருவினாலும் இழப்பு ஒன்றுதான். ஆனால் அவனிடம் கணக்குக் கேட்க முடியாது. அடுத்த தேர்தலில் அவனை வீட்டுக்கு அனுப்பவும் முடியாது. வரிக்கோ, இலங்கை அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரைப்படி, பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின் அதிகாரம் வேண்டும். மேலும், ஒரு காணி என்னுடையது என்று நிலைநாட்டும் பதிவகமும் நீதிமன்றமும் வரிப்பணத்தில்தான் நடக்கின்றன. உரிமை வேண்டும், அதைக் காக்கும் செலவு மட்டும் களவு என்பது பொருந்தாத வாதம்.

என்னை உறுத்துவது வேறு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளி மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. ஆனாலும் கடையில் அவர்கள் வாங்கிய பொருளின் விலையில் வரி இருந்தது. அவர்கள் பறித்த தேயிலையின் ஏற்றுமதிக்கும் அரசு தீர்வை வாங்கியது. அந்தப் பணத்தை எங்கே செலவிடுவது என்று தீர்மானிக்கும் சபைக்கு ஒருவரை அனுப்பக்கூட அவர்களுக்கு வழியில்லை. அந்த வரி சட்டப்படியானதுதான். நியாயமானது என்று என்னால் எப்படிச் சொல்ல முடியும்?