சென்னை–சிங்கப்பூர் விமானப் பயணம் 4 மணி நேரமா, 7 மணி நேரமா?

இரவு 11 மணிக்குச் சென்னையில் ஏறினால் காலை 5.45க்குச் சிங்கப்பூர் என்று டிக்கெட்டில் போட்டிருக்கிறதே, ஏழு மணி நேரமா பறக்கும் என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. சிங்கப்பூர் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே 5.45 என்றால் சென்னையில் 3.15தான். ஆக, பயணம் நாலேகால் மணி நேரம்.

மீனம்பாக்கத்திலிருந்து சாங்கி விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர். பெரும்பகுதி வங்காள விரிகுடா. ஜெட் விமானம் மேலே மணிக்கு 850 கிலோமீட்டர் போகும் என்று வகுத்தால் மூன்றரை மணி நேரம்கூட வராது. அப்புறம் மீதி எங்கே போனது? ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் சேர்த்தி. டிக்கெட்டில் இருப்பது நிலையத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்பது வரையுள்ள கணக்கு.

திரும்பும்போது வேடிக்கை. இரவு 8 மணிக்கு ஏறி 9.45க்கு இறங்கிவிடலாம், கடிகாரப்படி! அழைக்க வருபவரிடம் சென்னை நேரத்தையே சொல்லுங்கள்.